குதிரையில் அமரத் தடுமாறிய ஸஹாபி



போன மாதம் பாடசாலைச் சுற்றுலாவில் நுவரெலியா போயிருந்தோம். கிரகரி வாவிக் கரையில் பிள்ளைகள் வரிசையில் நின்று குதிரை ஏறினார்கள். தரம் 6 மாணவி ஒருத்தி, தன் முறை வந்ததும் அழத் தொடங்கிவிட்டாள். பின்னால் நின்ற பொடியன்கள் சிரித்தார்கள். நாமும் சும்மா இருக்கவில்லை. "ஏறுங்க மகள், ஒண்டும் செய்யாது" என்று அவசரப்படுத்தினோம். பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்ற கவலை எங்களுக்கு. குதிரைக்காரர்தான் எங்களைத் தடுத்தார். குதிரையை ஒதுக்கி நிறுத்தி, அவளைக் கழுத்துப் பக்கமாக நிற்கச் சொல்லி, கையில் ஒரு கரட் துண்டைக் கொடுத்தார்.

வீடு வந்த பிறகு நமக்கு ஜரீர் இப்னு அப்துல்லாஹ் அல்பஜலீ (ரழி) அவர்களின் ஞாபகம் வந்தது.

பஜீலா கோத்திரத்தின் தலைவர் அவர். அவருடைய அழகைப் பார்த்து, இந்த உம்மத்தின் யூஸுஃப் என்று உமர் (ரழி) அவர்கள் சொன்னதாக அறிவிப்பு உண்டு. யமன் பக்கத்தில் இருந்த துல்கலஸா என்ற சிலை வீட்டை அகற்றும் பொறுப்பை நபி (ஸல்) அவர்கள் அவரிடம் கொடுக்கிறார்கள். கூடப் போவதற்கு அஹ்மஸ் கிளையைச் சேர்ந்த 150 குதிரை வீரர்கள். எல்லோரும் குதிரையில் கைதேர்ந்தவர்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கப் போகிறவருக்கோ குதிரையில் உறுதியாக இருக்க வராது!

பயான்களில் இந்தச் சம்பவத்தின் கடைசிப் பகுதிதான் வழமையாக வரும். முதல் பகுதியில் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். அரபு மண்ணில், ஒரு கோத்திரத் தலைவர், "என்னால் குதிரையில் நிலைத்து இருக்க முடியவில்லை" என்று வாய்விட்டுச் சொல்வது லேசான காரியமா? அவர் மறைக்கவில்லை. கேட்டவரும் சிரிக்கவில்லை, வேறொருவரை அனுப்பவும் இல்லை. நபியவர்கள் ஜரீரின் நெஞ்சில் கையால் தட்டினார்கள். விரல்களின் அடையாளம் நெஞ்சில் தெரிந்தது என்று ஜரீரே சொல்கிறார். அவரை உறுதிப்படுத்தும்படி அல்லாஹ்விடம் துஆச் செய்தார்கள். அதன் பிறகு தாம் குதிரையிலிருந்து விழுந்ததே இல்லை என்கிறார் ஜரீர். இது ஸஹீஹுல் புகாரியில் உள்ளது.

இது ஏறுபவரின் தடுமாற்றம். குதிரைக்கும் பயம் உண்டு என்பதைப் பலர் யோசிப்பதில்லை. அது வேட்டையாடப்படும் இனம். ஓடித் தப்புவதுதான் அதன் முக்கியப் பாதுகாப்பு. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் சுற்றிலும் ஏறக்குறைய எல்லாம் தெரியும். ஆனால் மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் தெரியாது. அந்தக் குதிரைக்காரர் பிள்ளையைக் கழுத்துப் பக்கம் நிறுத்தியது அதனால்தான்.

இதையெல்லாம் ஜரீர் (ரழி) அவர்களின் காலத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் வருடம் முந்தியே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். சோக்ரடீஸிடம் பழகிய ஏதென்ஸ்காரர், குதிரைப்படை வீரர், செனபோன். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய குதிரையேற்ற நூல் முழுமையாகவே இன்றும் கிடைக்கிறது. அன்று கிரேக்கரிடம் கால் வைக்க அங்கவடி இல்லை. குதிரை வெருண்டால் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, குதிரையின் நம்பிக்கை ஒன்றைத் தவிர. கோபத்தோடு குதிரையிடம் போகவே கூடாது என்பது அவருடைய முக்கியமான விதி. குதிரை ஒரு பொருளைக் கண்டு மிரண்டால் அடிக்காதே, அடித்தால் அந்தப் பொருளோடு வலியும் சேர்ந்துவிடும், பயம் இரட்டிப்பாகும் என்கிறார். நீயே முதலில் அந்தப் பொருளைத் தொட்டுக் காட்டி, பிறகு மென்மையாக அதனிடம் கூட்டிப் போ என்கிறார். குட்டிக்குப் பசியும் தாகமும் தனிமையில் வர வேண்டும், தீனும் தண்ணீரும் மனிதன் கையால் வர வேண்டும் என்றும் எழுதுகிறார். இருபத்தி மூன்று நூற்றாண்டுக்கு மேலாகியும் பழுதாகாத யோசனைகள்.

மதீனாவில் அபூ தல்ஹா (ரழி) அவர்களிடம் மன்தூப் என்றொரு குதிரை இருந்தது. மந்தமானது என்று பெயரெடுத்த குதிரை. ஓர் இரவு ஏதோ சத்தம் கேட்டு ஊரே கலங்கியபோது, நபியவர்கள் சேணம்கூட இல்லாமல் அதில் ஏறி, எல்லோருக்கும் முன்னால் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். வந்து அதைக் கடலுக்கு ஒப்பிட்டுப் புகழ்ந்தார்கள். அதற்குப் பிறகு எந்தக் குதிரையாலும் அதை முந்த முடியவில்லையாம்.

அந்தப் பிள்ளை அன்று குதிரையில் ஏறவில்லை. கரட்டை மட்டும் கொடுத்தாள். கழுத்தைத் தடவினாள். பிறகு ஓடிவந்து பஸ்ஸில் நமக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். பதுளைப் பாதையில் இறங்கிக்கொண்டிருக்கும்போது மெதுவாகச் சொன்னாள்: "சேர், அதுக்கும் பயம்தான். நான் கைய நீட்டக்குள்ள அதுட தோல் நடுங்கின."