பெயர் பொறிக்காத கடிகாரத்தின் பிறப்பிடம்

சித்தாண்டியிலிருந்து புலம்பெயர்ந்த ஒரு குடும்பத்தின் பெட்டகத்தில் பாட்டனாரின் சட்டைப்பைக் கடிகாரம் கிடக்கலாம். உள்ளே செய்தவர் பெயர் இல்லையெனில் அதற்கு வரலாறே இல்லை என்று எண்ணிவிடுகிறோம். அது தவறான முடிவு.

19ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்துக் கடிகார முகப்பில் காணப்படும் பெயர் பெரும்பாலும் விற்றவருடையது. இயந்திரமோ லங்காஷயரின் பிறெஸ்கொற் நகரில் அரைகுறையாக உருவாகி, இலண்டனிலோ கொவென்றியிலோ நிறைவுபெற்றது. பிறெஸ்கொற்றில் இயந்திர உற்பத்தியைப் புகுத்திய ஜோன் விச்சர்லியின் முதலெழுத்துகள் முகப்புத் தட்டின் அடியில் மறைந்திருப்பதுண்டு. சுவிற்சர்லாந்திலும் இதே வழக்கம் நிலவியது. 1793இல் தோன்றிய பொந்தென்மெலோன் தொழிற்சாலை, முடிவுறாத இயந்திரங்களைப் பலருக்கும் விற்றது. ஆகவே சக்கரங்களைத் தாங்கும் பாலங்களின் வடிவமே அங்கு கைரேகையாகும்.

வெள்ளிக் கூட்டின் முத்திரையை மட்டும் நம்பலாகாது. நங்கூரம் பேர்மிங்ஹாமில் வெள்ளி பரிசோதிக்கப்பட்டதைச் சொல்லும். உள்ளிருக்கும் இயந்திரத்தைச் செய்தவர் யாரென்று சொல்லாது. 1907 ஜூன் முதல் பிரித்தானியாவில் இறக்குமதிக் கடிகாரக் கூடுகளுக்குத் தனி முத்திரை கட்டாயமாயிற்று என்பதும் காலத்தைக் கணிக்க உதவும்.

போரிலும் இடப்பெயர்விலும் ஆவணங்களை இழந்தவர்கள் நாம். எஞ்சிய பொருட்களே நமக்குச் சாட்சி. விற்பதற்கும் மெருகேற்றுவதற்கும் முன்னர், தேர்ந்த கடிகாரத் தொழிலாளியைக் கொண்டு முகப்பைக் கழற்றிப் படமெடுத்து வையுங்கள்.