தக்கலை பீர்முகம்மது அப்பா தர்கா: குமரியின் சுற்றுலா வரைபடத்தில் இடம் கிடைக்குமா?

கன்னியாகுமரி டூர் என்றாலே சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, 133 அடி திருவள்ளுவர் சிலை. நேரம் இருந்தால் பத்மநாபபுரம் அரண்மனை. அதோடு வண்டியைத் திருப்பிடுவாங்க. ஆனால், அந்த அரண்மனையிலிருந்து சுமார் 2 கி.மீ. தூரத்தில்தான் தக்கலை பீர்முகம்மது அப்பா தர்கா இருக்கிறது.

யார் இந்த 'பீரப்பா'?

தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கிய சூஃபி ஞானி. நெசவுத் தொழில் செய்தவர். தமிழில் 18 ஆயிரம் பாடல்கள் பாடியதாக மரபு சொல்கிறது. ஞானப்புகழ்ச்சி, ஞானமணிமாலை, ஞானக்குறம் ஆகியவை அவருடைய நூல்கள். கேரளாவின் பீர்மேடு என்ற ஊர்ப் பெயரே இவரால் வந்தது என்றும் சொல்வார்கள்.

என்ன சிறப்பு?

ரஜப் மாதத்தில் நடக்கும் ஆண்டு விழாவில் ஞானப்புகழ்ச்சியை விடிய விடிய பாடுவார்கள். ஒரு ஞானியின் அடக்கத்தலத்தில், அவர் எழுதிய தமிழ்ப் பாட்டையே ஊர் கூடிப் பாடுவதுதான் இந்த விழா. இங்கே பார்ப்பதைவிட கேட்பதற்குத்தான் அதிகம் இருக்கிறது.

ஒரே நாளில் சுற்ற முடியுமா?

முடியும். நாகர்கோவில் கோட்டாறில் பாவாகாசிம் தர்கா, இடலாக்குடியில் சதாவதானி செய்குத்தம்பி பாவலர் மணிமண்டபம், தேங்காய்ப்பட்டணத்தில் பழமையான கல் பள்ளிவாசல் என எல்லாமே மாவட்டத்துக்குள்தான் இருக்கின்றன.

மற்ற ஊர்களில் எப்படி?

2014-15இல் தொடங்கிய மத்திய அரசின் 'பிரசாத்' திட்டத்தின் முதல் பட்டியலிலேயே காசி, அமிர்தசரஸ், வேளாங்கண்ணியோடு அஜ்மீரும் இடம்பெற்றது. நாகூர் கந்தூரிக்குத் தமிழக அரசு சந்தனக்கட்டையை இலவசமாகத் தருகிறது. ஆக, தர்காக்களுக்கு அரசு உதவுவது புதுசு இல்லை.

சிக்கல் எங்கே?

முதலாவது, தேதி. பிறைக் கணக்கு என்பதால் ஆண்டு விழா ஒவ்வொரு வருஷமும் சுமார் 11 நாள் முன்னால் நகரும். சுற்றுலா சீசனோடு எப்போதும் ஒத்துப்போகாது. இரண்டாவது, இது வழிபாட்டு இடம். தர்கா வழிபாடு பற்றி முஸ்லிம்களுக்குள்ளேயே மாற்றுக் கருத்து உண்டு. அதனால் எது தேவை, எது வேண்டாம் என்பதை ஜமாஅத்தைக் கேட்காமல் முடிவு செய்ய முடியாது. மூன்றாவது, கூட்டம். படம் எடுக்க வருகிறவர்கள் பெருகினால், பாடுகிறவர்கள் ஓரமாக ஒதுங்க வேண்டிவரும்.

என்ன செய்யலாம்?

பெரிய கட்டடம் எதுவும் வேண்டியதில்லை. அரண்மனை வாசலில் ஒரு வழிகாட்டிப் பலகை, தர்கா பக்கம் கழிப்பறை, வண்டி நிறுத்த இடம், பாடல்களை எளிய உரையோடு தரும் சின்னப் புத்தகம் இருந்தாலே நல்ல தொடக்கம்தான். கூடவே, அந்தப் பாடல்களை முறையாக ஒலிப்பதிவு செய்து, இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் வேண்டும். பாட ஆள் இல்லாமல் போனால், வருகிற பயணிக்குக் காட்ட கட்டடம் மட்டும்தான் மிஞ்சும்.