கொட்டிவாக்கத்துக் கரையும் நம் இளமையும்

1950-ஆம் ஆண்டையொட்டி நாம் சிறுவராயிருந்த காலத்தில், திருவான்மியூருக்குத் தெற்கேயுள்ள கொட்டிவாக்கம் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த சிற்றூரேயாம். கிழக்கே ஸமுத்திரம், மேற்கே விறகுத் தோணிகள் செல்லும் பக்கிங்காம் கால்வாய்.

நம் பாட்டனார் கடலினின்று மீண்டதும் கட்டுமரத்தின் கயிறவிழ்த்து மரங்களை மணலில் உலர்த்துவர். நீரூறிய மரம் கனத்துத் தாழுமன்றோ? மறுநாள் விடியுமுன் மீளப் பிணைக்குங்கால், கயிற்று நுனியைப் பற்றுதற்கு நாம் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு நிற்போம். பிடி தளர்ந்தால் தலையில் ஒரு குட்டு! அக்குட்டின் சூடு இன்னும் ஆறவில்லை.

2004 டிஸம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தது. அதன்பின் பைபர் படகுகள் மலிந்து கட்டுமரம் அருகிற்று. 2011-இல் ஊரும் சென்னை மாநகராட்சியுள் அடங்கிற்று. அம்முடிச்சிட அறிந்த முதியோர் நம்மவருள் மிகச் சிலரே. அன்னார் தத்தம் பேரப்பிள்ளைகளுக்கு ஒருமுறையேனும் அதனைக் கட்டிக் காட்டுமாறு வேண்டுகின்றோம்.