காத்திருக்கும் திசு: இந்தியாவில் வாய்ப்புற்றும் ஆய்வக அறிக்கையும்

இந்தியாவில் வாய்ப்புற்று குறித்த தொடக்கக்கால மருத்துவப் பதிவுகள் பெரும்பாலும் கண்ணால் கண்டு எழுதப்பட்டவை. 1902இல் சென்னையிலிருந்து எழுதிய நிப்லாக், வெற்றிலை மெல்லும் வழக்கத்தையும் கன்னப்புற்றையும் இணைத்துப் பார்த்தார். 1908இல் பென்டால், திருவிதாங்கூரில் தாம் தொகுத்த 1,700 புற்றுநோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார். நோயைக் கண்டறிந்தவரும் கத்தியை எடுத்தவரும் அந்நாளில் பெரும்பாலும் ஒருவரே. நுண்ணோக்கியின் முடிவுக்காகச் சிகிச்சை காத்திருக்கவில்லை.

1941இல் பம்பாயின் பரேல் பகுதியில் டாட்டா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டபோது, அதன் ஆய்வகப் பொறுப்பை வசந்த் ராம்ஜி கானோல்கர் ஏற்றார். நோயியல், பிணவறையை விட்டு உயிருள்ள நோயாளியின் சிகிச்சைக்குள் உறுதியாக நுழைந்த காலம் அது. ஆயினும் அறிக்கையிடம் கேட்கப்பட்ட கேள்வி நெடுங்காலம் ஒன்றாகவே இருந்தது: இது புற்றா, இல்லையா?

அந்தக் கேள்வி பெருகியதுதான் இவ்வரலாற்றின் மையம். 2004இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்த இரு ஆய்வுகளின் முடிவுகள் வெளிவந்தபின், நிணநீர்க் கணுவின் உறையைப் புற்று தாண்டியிருக்கிறதா, வெட்டு விளிம்பில் எஞ்சியிருக்கிறதா என்பவை கதிர்வீச்சோடு வேதிமருந்தும் தருவதற்கான அடிப்படைகளாயின. 2015இல் வெளியான டாட்டா நினைவு மருத்துவமனை ஆய்வு, கழுத்துக் கணுக்களை முதலிலேயே அகற்றியவர்களில் மூன்றாண்டு உயிர்வாழ்வு 80 விழுக்காடு, புற்று அங்குத் தோன்றும்வரை பொறுத்தவர்களில் 67.5 விழுக்காடு எனக் காட்டியது. அகற்றும் கணுக்கள் மிகுந்தால் ஆய்வகத்தின் வேலையும் மிகும். ஒவ்வொரு கணுவையும் கொழுப்பிலிருந்து பிரித்தெடுத்துப் பார்த்தாக வேண்டும். சிகிச்சை முன்னேற்றத்தைப் பாராட்டும் எழுத்துகள் இந்தச் சுமையை அரிதாகவே குறிப்பிடுகின்றன.

அறுவைக்குப் பிந்தைய கதிர்வீச்சு ஆறு வாரங்களுக்குள் தொடங்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட நெறி. அறிக்கைக்கே மூன்று வாரம் கழிந்தால், பல் பிடுங்குதல், அந்தப் புண் ஆறுதல், கதிர்வீச்சுத் திட்டமிடல், இயந்திரத்துக்கான வரிசை ஆகிய அனைத்தும் மீதி மூன்று வாரத்துள் அடங்க வேண்டும். வெளியூரிலிருந்து வந்து வாடகை அறையில் தங்கிக் காத்திருக்கும் கூலித் தொழிலாளி, இடையில் ஊர் திரும்பிவிடுவதும் உண்டு.

எனினும், தாமதமே உயிரைப் பறித்தது எனத் தரவிலிருந்து நேரடியாக முடிவுகட்ட இயலாது. தாடையெலும்பையும் சேர்த்து அகற்றிய திசுவை அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்புச் சத்தை நீக்கிய பிறகே மெல்லிய சீவல்களாக்க முடியும். அதற்குப் பல நாட்கள் ஆகலாம். எலும்பை எட்டிய புற்று இயல்பாகவே முற்றியது. ஆகவே தாமதமான அறிக்கையும் குறைந்த ஆயுளும் ஒரே காரணத்தின் இரு விளைவுகளாகவும் இருக்கலாம். எதிர்த்திசையிலும் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. உயிர்வாழ்வை அறிக்கைத் தேதியிலிருந்து எண்ணத் தொடங்கினால், அறிக்கை வருமுன் இறந்தவரோ சிகிச்சையைக் கைவிட்டவரோ கணக்கிலேயே சேரமாட்டார். தாமதத்தின் தீங்கு இருப்பதைவிடச் சிறிதாகத் தோன்றும்.

இதைப் பிரித்தறிய நான்கு தேதிகள் தேவை: திசு எடுத்த நாள், ஆய்வகத்துக்கு வந்த நாள், அறிக்கையில் கையொப்பமிட்ட நாள், அது சிகிச்சையளிப்பவரின் கைக்குச் சேர்ந்த நாள். முதல் மூன்றும் ஆய்வகப் பதிவேடுகளில் கிடைக்கக்கூடும். நான்காவதை எழுதிவைக்கும் வழக்கம் அரிது.