ஊர் கூடிக் கட்டிய நூலகம்

யாழ்ப்பாணப் பொது நூலகம் பிறந்தது ஒரு வீட்டுக்குள். 1933இல் க. மு. செல்லப்பா தம் வீட்டிலேயே புத்தகங்களைச் சேர்த்துக் கேட்டவர்களுக்கு இரவல் கொடுத்து வந்தார். நீதிமன்றத்தில் உத்தியோகம் பார்த்தவர்; சீமான் அல்லர். அந்த ஆண்டு டிசம்பரில், யாழ்ப்பாணத்துக்கு ஓர் இலவசத் தமிழ் நூலகம் வேண்டும் என்ற வேண்டுகோளை எழுதி வெளியிட்டார். ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள், குழு அமைந்தது, பணமும் புத்தகமும் வரத் தொடங்கின.

1934இல் ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்கு எடுத்த ஓர் அறையில் நூலகம் திறக்கப்பட்டது. இருந்தவை 844 நூல்கள், முப்பதையொட்டிய பத்திரிகைகளும் சஞ்சிகைகளும். இன்றைய கணக்கில் ஒரு நல்ல வாசகரின் வீட்டிலேயே அவ்வளவு இருக்கும். ஆனால் காசு கொடுத்துப் பத்திரிகை வாங்க முடியாதவரும் உரிமையோடு உட்கார்ந்து வாசிக்கலாம் என்ற நிலையை அந்த அறை உண்டாக்கியது. 1935இல் நூலகம் பட்டினசபையின் பொறுப்புக்கு மாறியது. செல்லப்பாவின் பெருமை இங்கேதான் இருக்கிறது. நூல் சேர்த்தவர்கள் எத்தனையோ பேர். தம் உழைப்பில் முளைத்ததை ஊர்ச் சொத்தாக்கிவிட்டு விலகி நின்றவர்கள் மிகச் சிலர். நூலகத்தின் கதையை 1981இல் அதை எரித்த தீயிலிருந்து மட்டுமே சொல்லத் தொடங்குபவர்கள் இவரைத் தவறவிடுகிறார்கள். அது பெரிய அநீதி.

நூல்கள் பெருக, இடம் போதவில்லை. 1950களின் தொடக்கத்தில் நிரந்தரக் கட்டடத்துக்கான முயற்சி எழுந்தது. மேயர் சாம் சபாபதி முன்னின்றார். புனித பத்திரிசியார் கல்லூரி அதிபரான லோங் அடிகளார், அயர்லாந்திலிருந்து வந்த கத்தோலிக்கத் துறவி, அதற்காக அயராமல் உழைத்தார். முகப்பில் சரஸ்வதி சிலை அமைந்த ஒரு கட்டடத்துக்காக ஒரு பாதிரியார் பாடுபட்டதில் அந்த ஊரின் அன்றைய மனம் தெரிகிறது. நிதிக்காகக் கார்னிவல் நடத்தினார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர் கொடுத்த சில்லறையும் அந்தச் சுவரில் சேர்ந்திருக்கிறது. இந்திய நூலகவியலின் தந்தை எஸ். ஆர். ரங்கநாதன் ஆலோசனை சொன்னார். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் திராவிட பாணியில் வரைபடம் தந்தார்.

1959இல் மேயர் அல்பிரட் துரையப்பா கட்டடத்தைத் திறந்துவைத்தார். அடுத்த இருபது ஆண்டுகளில் சேர்க்கை பெருகிக்கொண்டே போனது. அரிய ஓலைச்சுவடிகளும் வந்து சேர்ந்தன. ஆஸ்பத்திரி வீதி அறையின் 844 நூல்கள், நூலகம் எரிக்கப்பட்ட 1981 மே 31 அன்று 97,000ஐ எட்டியிருந்தன.