மூங்கில் துணியின் பழைய பெயர்கள்

மூங்கில் வேகமாக வளரும். பூச்சிமருந்து கேட்காது. வெட்டினால் மறுபடி தளிர்க்கும். இவ்வளவும் உண்மை. ஆகவே மூங்கில் துணியும் பூமிக்கு நல்லது என்று கடைகள் சொல்கின்றன. குழந்தை உடுப்பிலும் படுக்கை விரிப்பிலும் பச்சை இலைப் படம் போட்டு விற்கிறார்கள். ஆனால் நான் வாழும் கனடாவில், அதே துணியின் உள்பக்கம் தைத்த சிறு நாடாவில் 'மூங்கிலிலிருந்து பெற்ற ரேயான்' என்றுதான் எழுத வேண்டும். இலைப் படத்தைவிட அந்தச் சிறிய எழுத்துக்கு வயது அதிகம். அதன் வரலாற்றைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

1892-ல் இங்கிலாந்தில் கிராஸ், பெவன், பீடில் என்ற மூவர் விஸ்கோஸ் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். மரக்கூழைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, அதோடு கார்பன் டைசல்பைடு சேர்ப்பார்கள். கூழ் செம்மஞ்சள் நிறமாக மாறும். அதை மறுபடி சோடாவில் கரைத்தால் தேன்போல் பாகு கிடைக்கும். அந்தப் பாகைச் சிறு துளைகள் வழியே கந்தக அமிலத் தொட்டிக்குள் செலுத்தினால் இழையாக இறுகும். இழையில் எஞ்சுவது செல்லுலோஸ் மட்டுமே. அது மூங்கிலா, தேவதாருவா என்பதை விரலால் தொட்டுச் சொல்ல முடியாது. கார்பன் டைசல்பைடும் துணியில் தங்குவதில்லை. உடுத்துபவருக்குப் பயமில்லை. அது ஆலையின் காற்றில் கலந்து தொழிலாளியின் மூச்சுக்குள் போகிறது.

அது என்ன செய்யும் என்பது விஸ்கோஸ் பிறப்பதற்கு முன்பே தெரிந்திருந்தது. ரப்பர் பட்டறைகளில் இதே திரவத்தைக் கையாண்டவர்களுக்குத் தூக்கம் கெடுவதையும், கால்கள் சோர்வதையும், சித்தம் கலங்குவதையும் 1856-ல் பாரிஸ் மருத்துவர் டெல்பெக் எழுதி வைத்தார். 1930-களில் அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன், ரேயான் ஆலைத் தொழிலாளர்களிடம் அதே நோயைக் கண்டு அரசாங்கத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். பின்னர் வந்த ஆய்வுகள் இதயநோயையும் இந்தப் பட்டியலில் சேர்த்தன.

பொருள் மாறவில்லை; பெயர் மாறிக்கொண்டே வந்தது. முதலில் செயற்கைப் பட்டு என்றார்கள். 'செயற்கை' என்ற சொல் விற்பனைக்கு இடைஞ்சலாக இருந்ததால் 1924-ல் அமெரிக்க வணிகர்கள் 'ரேயான்' என்ற புதுச்சொல்லை உண்டாக்கினார்கள். நம் வீடுகளுக்கு அது 'ஆர்ட் சில்க்' என்று வந்தது. ஆர்ட் என்றால் கலை என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். ஆர்ட்டிஃபிஷியல் என்பதன் சுருக்கம் அது. 'மூங்கில்' இந்த வரிசையில் ஆகப் புதியது.

இயந்திரங்களும் இடம் மாறின. 1960-களில் ஜப்பானிலிருந்து பழைய விஸ்கோஸ் இயந்திரங்கள் தென்கொரியாவின் வொன்ஜின் ரேயான் ஆலைக்குப் போயின. அங்கே தொழிலாளர்கள் நோயில் விழுந்து, ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு 1993-ல் ஆலை மூடப்பட்டது. பாதிக்கப்பட்டவர்கள் என்று ஏற்கப்பட்டோர் 900-க்கும் அதிகம். ஆலை மூடியதோடு கதை முடியவில்லை. இயந்திரங்களைச் சீனாவுக்கு விற்றுவிட்டார்கள்.

மூங்கில் ரேயானும் புதிதல்ல. கேரளத்தில் கோழிக்கோட்டுக்கு அருகே மாவூரில், சாலியாற்றின் கரையில், குவாலியர் ரேயான்ஸ் ஆலை 1963-ல் உற்பத்தி தொடங்கியது. நிலம்பூர்க் காடுகளின் மூங்கில் டன் 1 ரூபாய்க்கு அதற்குக் கொடுக்கப்பட்டது. கூடை முடைபவருக்கு அந்த விலை கிடைக்கவில்லை. வேகமாக வளரும் அந்த மூங்கிலும் ஆலையின் பசிக்கு ஈடுகொடுக்க முடியாமல் தீர்ந்துபோக, யூகலிப்டஸைத் தேடினார்கள். ஆறு கறுத்தது. கழிவுக்கு எதிராகப் போராட்டத்தை முன்னின்று நடத்திய கே.ஏ. ரஹ்மான் 1999-ல் புற்றுநோயால் இறந்தார். ஆலை 2001-ல் மூடப்பட்டது. இதில் இன்னொரு பக்கமும் உண்டு. 1985 முதல் 1988 வரை ஆலை மூடிக்கிடந்தபோது வேலையிழந்த தொழிலாளர் சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். ஆறு வேண்டும் என்றவர்களும் வேலை வேண்டும் என்றவர்களும் ஒரே ஊர்க்காரர்கள்.

மலையின் இந்தப் பக்கம், மேட்டுப்பாளையத்துக்கு அருகே சிறுமுகையில், பவானிக் கரையில் சவுத் இந்தியா விஸ்கோஸ் ஆலை இருந்தது. நீலகிரியின் புல்வெளிகளில் நட்ட சீகை மரமும், அங்கே கற்பூர மரம் என்று சொல்லும் யூகலிப்டஸும் அதற்குக் கூழாயின. கழிவு கலந்த பவானிதான் கீழே பவானிசாகர் அணைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த ஆலையும் இன்று இல்லை.

அமெரிக்காவின் வணிக ஆணையம் 2009 முதல் இந்த விளம்பரங்கள் மீது வழக்குத் தொடர்ந்து வருகிறது. ரேயானை மூங்கில் என்று விற்றதற்காகவும், சூழலுக்கு உகந்தது என்று சொன்னதற்காகவும் 2022-ல் வால்மார்ட், கோல்ஸ் இரண்டும் சேர்ந்து 55 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. மூங்கிலுக்கு உண்டென்று சொல்லப்படும் கிருமி எதிர்ப்புக் குணம் ரேயானிலும் இருக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றும் ஆணையம் முன்பே சொல்லியிருந்தது.

செடியிலிருந்து வரும் துணி எல்லாமே பொய் என்று நான் சொல்லவில்லை. சணல் செடியின் நாரையும் லினன் நாரையும் போல மூங்கிலையும் இயந்திரத்தால் நாராக்கலாம். செலவு அதிகம், துணியும் சொரசொரப்பு, அதனால் கடையில் அரிது. 1990-களில் விற்பனைக்கு வந்த லையோசெல் முறையில் கார்பன் டைசல்பைடு கிடையாது. கரைப்பானை ஏறக்குறைய முழுவதும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். விஸ்கோஸ் ஆலையிலும் வாயுவைப் பிடித்து மீட்க வழி இருக்கிறது. பணம் செலவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே எந்தச் செடி என்று கேட்பதோடு நிற்கக் கூடாது. எந்த ஆலை, எந்த முறை, கார்பன் டைசல்பைடு எங்கே போகிறது, எந்த ஆற்றில் கழிவு விடுகிறார்கள் என்றும் கேட்க வேண்டும். கடையில் நிற்கும் பிள்ளைக்குப் பதில் தெரியாது. துணியை விற்கும் கம்பெனிக்குத் தெரியும், அல்லது தெரிந்திருக்க வேண்டும். கேள்வியை அங்கே அனுப்புங்கள்.