மகிழ்தலும் நன்மை செய்தலும்: பிரசங்கி நூலின் நெடும்பயணம்

விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் பிரசங்கி என்றொரு சிறு நூல் உண்டு. பன்னிரண்டு அதிகாரங்கள், 222 வசனங்கள், அவ்வளவே. ஒரே அமர்வில் படித்து முடித்துவிடலாம். ஆயினும் அதன் பொருளைப் பற்றிய வழக்கு இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தீர்ந்தபாடில்லை. 1995ஆம் ஆண்டு வெளிவந்த தமிழ்ப் பொது மொழிபெயர்ப்பில் இந்நூல் 'சபை உரையாளர்' என்று பெயர் பெற்றது. எபிரேய மொழியில் இதன் பெயர் 'கோஹெலெத்'. சபையைக் கூட்டுபவர், சபையில் பேசுபவர் என்பது அதன் பொருள்.

இந்நூலைச் சலிப்பின் நூல், நிலையாமையின் நூல் என்று கொள்வோரே மிகுதி. துக்க வீடுகளில் இதன் வரிகள் வாசிக்கப்படுவதை நாம் கேட்டிருக்கிறோம். ஆனால் மூன்றாம் அதிகாரத்தின் பன்னிரண்டாம் வசனத்தில் ஆசிரியர் எதிர்பாராத ஒரு முடிவுக்கு வருகிறார். உயிரோடிருக்கும் நாளில் மகிழ்வதும் நன்மை செய்வதுமே மனிதனுக்கு உரிய சிறப்பு என்பது அம்முடிவு. மகிழ்தல், நன்மை செய்தல் ஆகிய இரண்டையும் அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். பின்வந்தோர் இவ்விரண்டையும் எங்ஙனம் பிரித்தனர், எங்ஙனம் மீண்டும் சேர்த்தனர் என்பதை ஈண்டுக் காண்போம்.

நூலும் காலமும்

நூலின் தொடக்கம் ஆசிரியரைத் தாவீதின் மகன் என்றும் எருசலேமின் அரசர் என்றும் அறிமுகம் செய்கிறது. அதனால் மரபு இதனைச் சாலமோனுக்கு உரியதாக்கிற்று. எனினும் சாலமோன் என்னும் பெயர் நூலில் ஓரிடத்திலும் இல்லை. நூலின் மொழிநடையும் சாலமோன் வாழ்ந்ததாகக் கொள்ளப்படும் கி.மு. 10ஆம் நூற்றாண்டின் நடை அன்று. சோலையைக் குறிக்கும் 'பர்தேஸ்', ஆணையைக் குறிக்கும் 'பித்காம்' என்னும் பாரசீகச் சொற்கள் இதில் ஆளப்பட்டுள்ளன. ஆகவே பாரசீகர் ஆட்சிக்கு முன் இது எழுதப்பட்டிருக்க இயலாது என்பது ஆய்வாளர் பெரும்பாலோரின் கருத்து. மறுபுறம், சாக்கடல் அருகே கும்ரான் நான்காம் குகையில் 1952இல் கிடைத்த சுருள்களுள் இந்நூலின் துண்டுகளும் இருந்தன. எழுத்தமைதியைக் கொண்டு அவை கி.மு. 175க்கும் 150க்கும் இடைப்பட்டவை என்று கணித்துள்ளனர். இவ்விரு எல்லைகளுக்கு நடுவே நூல் பிறந்தது. பலர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டைச் சுட்டுவர். சிலர் அதற்கும் முந்திய பாரசீகர் காலத்தைச் சுட்டுவர்.

மூன்றாம் நூற்றாண்டில் யூதேயா, எகிப்தை ஆண்ட தாலமி அரசர்களின் கீழ் இருந்தது. அரசின் நிதியமைச்சரான அப்பொல்லோனியுசின் முகவர் செனோன் என்பவர் கி.மு. 259இல் பாலஸ்தீனப் பகுதிகளைச் சுற்றி வந்தார். அவருடைய கணக்குகளும் கடிதங்களும் எகிப்தின் மணலில் பாப்பிரசு ஏடுகளாகக் கிடைத்துள்ளன. எண்ணெய், தானியம், அடிமைகள், வரி என்று எங்கும் கணக்கு மயம். பிரசங்கி நூலின் சொற்களும் அங்ஙனமே இருப்பது வியப்புக்குரியது. 'இத்ரோன்', அதாவது செலவு போக மிஞ்சும் ஆதாயம் என்னும் சொல் எபிரேய விவிலியத்தில் இந்நூலில் மட்டுமே வருகிறது. மனிதன் படும் பாட்டினால் அவனுக்கு என்ன ஆதாயம் என்பதே நூலின் முதற் கேள்வி. ஓர் அதிகாரிக்கு மேல் இன்னோர் அதிகாரி, அவனுக்கும் மேல் வேறொருவன் என்று ஏழையை அழுத்தும் அடுக்கினை ஐந்தாம் அதிகாரம் காட்டுகிறது. ஒடுக்கப்பட்டோரின் கண்ணீரையும் அவர்களைத் தேற்றுவார் இல்லாமையையும் நான்காம் அதிகாரம் காட்டுகிறது. ஆகவே ஆசிரியர் பேசும் மகிழ்ச்சி, உலகின் துன்பத்தைக் காணாதவனின் மகிழ்ச்சி அன்று என்பதை நாம் முதலிலேயே மனத்திற்கொள்ள வேண்டும்.

மாயையா, மூச்சுக்காற்றா?

நூலின் மையச் சொல் 'ஹெவெல்'. இது 38 முறை வருகிறது. மூச்சுக்காற்று, ஆவி என்பது இதன் நேர்ப்பொருள். குளிர்காலக் காலையில் வாயிலிருந்து புறப்பட்டு நொடியில் மறையும் ஆவியை எண்ணிக்கொள்ளலாம். ஆதியாகமத்தில் தம் அண்ணனால் கொல்லப்பட்ட ஆபேலின் எபிரேயப் பெயரும் இதே சொல்தான். ஜெரோம் இதனை இலத்தீனில் 'வானித்தாஸ்', அதாவது வெறுமை என்று பெயர்த்தார். தமிழில் பழைய மொழிபெயர்ப்பு 'மாயை' என்றது. பொது மொழிபெயர்ப்பு 'வீண்' என்றது.

தமிழ் வாசகருக்கு இவ்விடத்தில் ஒரு சிக்கல் உண்டு. மாயை என்றவுடன் வேதாந்தமும் சைவ சித்தாந்தமும் நம் நினைவுக்கு வந்துவிடுகின்றன. உலகம் தோற்றமே என்னும் எண்ணம் தானே வந்து ஒட்டிக்கொள்கிறது. எபிரேய ஆசிரியர் உலகைப் பொய் என்று கூறவில்லை. மூச்சு பொய்யன்று, அது மெய்யாகவே இருக்கிறது, நம்மை உயிரோடு வைக்கிறது. ஆனால் கையில் பிடித்துப் பெட்டியில் பூட்ட இயலாது. வாழ்வு அத்தகையது என்பதே அவர் கூற்று. பொய்யானதைத் துறக்கலாம்; மெய்யானதும் நில்லாததுமாகிய ஒன்றை இருக்கும்போதே பேண வேண்டும். இவ்வேறுபாட்டைப் பற்றிக்கொண்டால் நூலின் மகிழ்ச்சி நமக்கு விளங்கும்.

நிலையாமைக்கு நடுவே ஏழு இடங்களில் ஆசிரியர் மகிழ்ச்சியைப் பரிந்துரைக்கிறார். இதனைத் தெளிவுற எடுத்துக்காட்டியவர் ஆங்கிலேய அறிஞர் நார்மன் வைப்ரே. 1982இல் வெளிவந்த கட்டுரையில் அவர் இந்நூலாசிரியரை மகிழ்ச்சியின் பிரசங்கி என்றே அழைத்தார். ஏழிடங்களுள் ஒன்பதாம் அதிகாரத்துப் பகுதி புகழ் பெற்றது. உணவு, திராட்சை இரசம், வெண்ணிற ஆடை, தலைக்கு எண்ணெய், அன்புக்குரிய மனைவி என்று அது அடுக்கிச் செல்கிறது. ஏறத்தாழ இதே அடுக்கு, கில்காமேசு காவியத்தின் பழைய பாபிலோனியப் பலகை ஒன்றிலும் உள்ளது. மரணத்துக்கு அஞ்சி அலையும் கில்காமேசுக்கு மதுக்கடைப் பெண் சிதுரி கூறும் அறிவுரை அது. அப்பலகை நம் நூலுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முந்தியது. ஆனால் பிரசங்கி அவ்வறிவுரையோடு நிற்கவில்லை. அடுத்த வசனத்திலேயே, கைக்கு வந்த வேலையை முழு வலிமையோடு செய் என்கிறார். அவருக்கு மகிழ்ச்சி என்பது ஆதாயமன்று. அது 'ஹேலெக்', அதாவது நமக்கென்று அளந்து தரப்பட்ட பங்கு.

ரபிமாரின் வழக்கு

இத்தகைய நூலைப் புனித நூல்களோடு வைக்கலாமா என்னும் ஐயம் யூத அறிஞர்க்கு இருந்தது. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா இவ்வழக்கைப் பதிவு செய்துள்ளது. சம்மாய் பள்ளியினர் இதன் புனிதத்தை ஏற்கவில்லை. இல்லேல் பள்ளியினர் ஏற்றனர். தல்மூதின் சப்பாத் பகுதி, அறிஞர்கள் இந்நூலை மறைத்து வைக்க எண்ணியதாகக் கூறுகிறது. அதற்குச் சொல்லப்பட்ட காரணம் முன்னுக்குப் பின் முரண். இரண்டாம் அதிகாரம் மகிழ்ச்சியினால் என்ன பயன் என்று எள்ளுகிறது. எட்டாம் அதிகாரமோ மகிழ்ச்சியைப் புகழ்கிறது. எதை நம்புவது?

ரபிமார் தந்த விடை எண்ணத்தக்கது. புகழப்பட்டது கடமையைச் செய்வதில் பிறக்கும் மகிழ்ச்சி. எள்ளப்பட்டது அதனோடு தொடர்பற்ற மகிழ்ச்சி என்று அவர்கள் பிரித்தனர். துயரத்திலும் சோம்பலிலும் இறைப்பிரசன்னம் தங்காது, கடமையின் மகிழ்ச்சியிலேயே தங்கும் என்றும் அதே பகுதி கூறுகிறது. பிற்கால மித்ராசு உரை ஒன்று இன்னும் ஒரு படி சென்றது. இந்நூலில் உண்ணுதல், குடித்தல் என்று வரும் இடமெல்லாம் திருச்சட்டக் கல்வியையும் நற்செயல்களையுமே குறிக்கும் என்றது. சோற்றையும் இரசத்தையும் இங்ஙனம் கரைத்துவிடுவது நூலாசிரியருக்கு நேர்மை செய்வதாகாது என்றே நாம் கருதுகிறோம். ஆயினும் மகிழ்ச்சியையும் நன்மையையும் பிரியாமல் காக்க அவர்கள் பட்ட பாடு அதில் தெரிகிறது.

ஒரு நூல், இரு வாசகர்

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் கிறித்தவ அறிஞர் இருவர் ஏறத்தாழ ஒரே காலத்தில் இந்நூலை விளக்கினர். ஒருவர் மேலே கண்ட ஜெரோம். உரோமை நகரில் பவுலா என்னும் செல்வச் சீமாட்டியின் மகள் பிளசில்லாவுக்கு அவர் இந்நூலைப் பாடம் சொன்னார். திருமணமாகிச் சில மாதங்களிலேயே கணவனை இழந்த இளம்பெண் அவள். உலகை வெறுக்கக் கற்பிப்பதே பாடத்தின் நோக்கம் என்று ஜெரோமே தம் உரையின் முன்னுரையில் எழுதியுள்ளார். கடுந்தவத்தை மேற்கொண்ட பிளசில்லா, 384இல் சுமார் இருபது வயதில் இறந்தாள். நோன்பே அவளைக் கொன்றது என்று மக்கள் சினந்தனர்; துறவிகளை நகரைவிட்டே துரத்த வேண்டும் என்றனர். இதனையும் ஜெரோம் தம் கடிதமொன்றில் பதிவு செய்துள்ளார். அடுத்த ஆண்டு அவர் உரோமையை விட்டு வெளியேறினார். பின்னர் பெத்லகேமில் அவள் நினைவாக இந்நூலுக்கு உரை எழுதி முடித்தார். அவ்வுரை இடைக்கால ஐரோப்பாவின் துறவு மடங்களில் பல நூற்றாண்டுகள் வழிகாட்டியாக விளங்கியது.

மற்றவர் கப்பதோக்கியா நாட்டு நிசா நகரின் ஆயர் கிரகோரி. இந்நூலின் முதல் மூன்று அதிகாரங்களைப் பற்றி அவர் ஆற்றிய எட்டு மறையுரைகள் கிடைத்துள்ளன. நான்காம் உரையில், அடிமைகளையும் அடிமைப் பெண்களையும் வாங்கினேன் என்று நூலின் அரசர் பெருமை பேசும் இடத்திற்கு வருகிறார். அங்கே அவர் குரல் உயர்கிறது. கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்டவனுக்கு எத்தனை காசு விலை குறித்தாய் என்று கேட்கிறார். வாங்கினவனும் வாங்கப்பட்டவனும் ஒரே காற்றை மூச்சுவிடுகின்றனர், ஒரே மண்ணாகின்றனர் என்கிறார். கொடிய எசமானை மட்டும் கண்டித்தோர் அக்காலத்தில் உண்டு. அடிமை முறைமையையே தவறென்று இத்துணை வெளிப்படையாகக் கூறிய குரல் பண்டைய உலகில் மிக அரிது. அவ்வுரையால் அடிமைச் சந்தைகள் மூடப்படவில்லை என்பது உண்மையே. ஆயினும் எல்லாரும் ஆவியைப் போல் மறைபவர் என்னும் நிலையாமையிலிருந்து, அப்படியானால் ஒருவன் இன்னொருவனை உடைமையாக்குவது எப்படி என்னும் அறக்கேள்வியை அவர் எழுப்பினார். அவருடைய எட்டாம் உரை, நாம் தொடக்கத்தில் கண்ட மகிழ்தலும் நன்மை செய்தலும் பற்றிய பகுதியோடு நிறைவுறுகிறது.

ஒரே நூல்தான். ஒருவர் அதில் உலகை விட்டு விலகும் வழியைக் கண்டார். மற்றவர் உலகத்து மனிதனின் மதிப்பைக் கண்டார். மார்ட்டின் லூதர் 1526இல் விட்டன்பர்க்கில் இந்நூலைப் பற்றி விரிவுரை நிகழ்த்தியபோது, ஜெரோமின் வழி வந்த விளக்கத்தைக் கடுமையாக மறுத்தார். நூல் கண்டிப்பது படைக்கப்பட்ட பொருள்களை அன்று, அவற்றை முன்னிட்டு மனிதன் கொள்ளும் ஓயாத கவலையையும் ஆசையையுமே என்பது அவர் வாதம்.

பூட்டிய கதவு

யூத மரபில் இந்நூல் வாசிக்கப்படும் காலம் இன்னொரு விளக்கமாக அமைகிறது. ஐரோப்பிய யூதரான அஷ்கெனாசியரின் வழக்கப்படி, சுக்கோத் எனப்படும் கூடாரத் திருவிழாவின் ஓய்வுநாளில் இது வாசிக்கப்படுகிறது. அது அறுவடையின் விழா. வழிபாட்டில் நம் மகிழ்ச்சியின் காலம் என்றே பெயர் பெற்றது. களஞ்சியம் நிறைந்த வேளையில், எதுவும் நில்லாது என்னும் நூலை ஓதுகின்றனர். ஓலை வேய்ந்த நிலையற்ற குடிலில் உண்கின்றனர். அவ்விழாவில் யார் யார் மகிழ வேண்டும் என்று உபாகமம் 16ஆம் அதிகாரம் பட்டியலிடுகிறது. மகன், மகள், அடிமை, லேவியர், அயலார், அனாதை, கைம்பெண் ஆகிய அனைவரும் அதில் உண்டு.

இப்பட்டியலைச் சட்டமாக வடித்தவர் மைமோனிடிஸ். எகிப்தில் மருத்துவராக வாழ்ந்த இப்பேரறிஞர் 1180 வாக்கில் நிறைவு செய்த சட்டத் தொகுப்பில் ஒரு விதி காணப்படுகிறது. திருவிழா நாளில் முற்றத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு தன் மனைவி மக்களோடு மட்டும் உண்டு, ஏழைக்கு ஈயாதவன் கொண்டாடியது கடமையின் மகிழ்ச்சியன்று, வயிற்றின் மகிழ்ச்சியே என்கிறார். ஏழைகள், அனாதைகள், கைம்பெண்கள் ஆகியோரின் உள்ளத்தை மகிழ்விப்பதைவிடப் பெரிய மகிழ்ச்சி வேறில்லை என்று இன்னோரிடத்தில் எழுதுகிறார். மித்ராசு உரையைப் போல் அவர் சோற்றைக் கரைக்கவில்லை. ஜெரோமைப் போல் வெறுக்கவும் இல்லை. சோறு சோறாகவே இருக்கட்டும், கதவு மட்டும் திறந்திருக்கட்டும் என்றார்.

நீரில் இட்ட அப்பம்

ஒரு தடை இங்கே எழலாம். எபிரேயத்தில் 'நன்மை செய்தல்' என்று வரும் தொடர் உண்மையில் அறத்தைக் குறிக்கிறதா? நன்றாக வாழ்தல் என்னும் கிரேக்க வழக்கின் சாயலாக, சுகமாய் இருத்தலை மட்டும் குறிக்கலாம் என்று சொல்லும் அறிஞர் உளர். இம்மாற்றுக் கருத்தை நாம் புறந்தள்ள இயலாது. ஆனால் அதே நூலின் ஏழாம் அதிகாரம் இருபதாம் வசனத்தில், பாவமே செய்யாமல் நன்மை செய்யும் நீதிமான் இல்லை என்னும் கருத்தில் இதே தொடர் வருகிறது. அங்கு அறம் என்பதைத் தவிர வேறு பொருள் கொள்ள வழியில்லை. நூலின் இறுதிப் பகுதியும் இதற்குத் துணை நிற்கிறது.

பதினோராம் அதிகாரத்தின் தொடக்கத்தில், அப்பத்தைத் தண்ணீரின்மேல் போடு என்றொரு விந்தையான அறிவுரை உள்ளது. கடல் வாணிபத்தைக் குறிப்பது என்று சிலர் கூறுவர். யூத உரையாசிரியர்கள் பெரும்பாலும் ஈகை என்றே கொண்டனர். தாலமி காலத்து எகிப்திய ஏடான அங்கிஷேஷோங்கியின் அறிவுரையிலும், நற்செயலை நீரில் எறியும் இதே உவமை வருகிறது. அடுத்த வசனம் ஏழு பேருக்கு, ஏன் எட்டுப் பேருக்கும் பங்கு கொடு என்கிறது. காரணம் என்ன? நாட்டில் என்ன தீங்கு நேருமென்று உனக்குத் தெரியாது.

நாளை என்ன நேருமோ என்னும் அச்சத்தில் நாம் சேமிக்கிறோம், பூட்டுகிறோம். பிரசங்கி அதே அறியாமையைக் காரணமாகக் காட்டி, கொடு என்கிறார். ஆதாயக் கணக்கில் தொடங்கிய நூல் கணக்கு வைக்க முடியாத ஈகையில் வந்து முடிகிறது. நீரில் இட்டதற்கு இரசீது கிடையாது. அதுபோலவே உண்ட சோற்றின் இன்பத்தையும் நாளைக்கென்று எடுத்து வைக்க இயலாது. மகிழ்ச்சியும் நன்மையும் ஒரே வசனத்தில் வந்தமைக்கு இதுவே காரணம் என்று நாம் எண்ணுகிறோம். இரண்டுமே இன்று, உயிரோடிருக்கும்போது, கை திறந்தவர்க்கு மட்டுமே கிட்டுபவை.